எச்சரிக்கை இருந்தும் இருண்ட நாடு: மின்தொகுப்பைக் காக்கும் தகவல் கட்டமைப்பு இயங்குவது எப்படி?

புதுதில்லி: 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, திங்கட்கிழமை. அதிகாலை 2.33 மணிக்கு வட இந்தியா முழுவதும் மின்சாரம் நின்றது. தில்லி, உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் உள்ளிட்ட வட மாநிலங்கள் இருளில் மூழ்கின. புழுக்கம் மிகுந்த அந்த இரவில் கோடிக்கணக்கானோர் விழித்தெழுந்தனர். மாலைக்குள் விநியோகம் சீரமைக்கப்பட்டது. ஆனால் மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு அதே விபத்து மேலும் பெரிதாக நிகழ்ந்தது. இம்முறை வட மண்டலத்துடன் கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களும் சேர்ந்து சரிந்தன. ஏறத்தாழ 48,000 மெகாவாட் மின்பளு நொடிகளில் அற்றுப்போனது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தோர் 60 கோடிக்கும் அதிகம். தில்லி மெட்ரோ ரயில்கள் சுரங்கப் பாதையில் நின்றன. மேற்கு வங்கத்தின் பர்த்வான் மாவட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் மின்தூக்கிகள் இயங்காததால் 200-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கி, பின்னர் பத்திரமாக மீண்டனர்.

மின்சாரத் தட்டுப்பாடே இதற்குக் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் ஏ.எஸ். பக்ஷி தலைமையிலான விசாரணைக் குழு 2012 ஆகஸ்ட் மாதம் அளித்த அறிக்கை வேறொரு சித்திரத்தைத் தந்தது. ஆபத்து நெருங்குவது கட்டுப்பாட்டு அறைகளுக்குத் தெரிந்திருந்தது. மின்சாரம் எடுப்பதைக் குறைக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தல்களும் சென்றன. அவை போதிய அளவில் செயலாகவில்லை. கடைசிக் கணத்தில் தவறான முடிவை எடுத்ததும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

மின்தொகுப்பு, துறைமுகம், ரயில்வே, வங்கி, மருத்துவமனை போன்ற முக்கியக் கட்டமைப்புகளைக் காக்கும் தகவல் அமைப்புகள் குறித்து இன்று அதிகம் பேசப்படுகிறது. அவை எதைப் பார்க்கின்றன, யாரிடம் சொல்கின்றன, சொன்னபின் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்திய மின்தொகுப்பின் கதையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

ஒற்றை எண்ணில் ஒரு நாடு

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது கடினம். எந்த நொடியில் எவ்வளவு நுகரப்படுகிறதோ, அந்த நொடியில் ஏறக்குறைய அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலை நிலவுகிறதா என்பதைச் சொல்லும் எண்தான் அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். அதாவது, மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை சுழல வேண்டும். நுகர்வு உற்பத்தியை மிஞ்சினால், மேடேறும் மாட்டுவண்டி தளர்வதுபோல மின் நிலையங்களின் சுழலிகள் வேகம் குறைகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. நுகர்வு திடீரெனக் குறைந்தால் சுழலிகள் வேகமெடுக்கின்றன, அதிர்வெண் ஏறுகிறது. இரண்டுமே ஓர் எல்லைக்கு மேல் ஆபத்தானவை. சுழலிகள் சேதமடையாமல் இருக்க மின் நிலையங்கள் தாமாகவே தொகுப்பிலிருந்து விலகிக்கொள்ளும். ஒன்று விலகினால் மற்றவற்றின் மீது சுமை கூடும். சீட்டுக்கட்டுக் கோபுரம் சரிவது இப்படித்தான்.

ஒரே தொகுப்பில் இணைந்த எந்த ஊரின் மின் இணைப்பில் அளந்தாலும் இந்த எண் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எந்தக் கம்பிவழித் தகவல் தொடர்பும் இல்லாமல் நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் சென்று சேரும் செய்தி இது.

இந்த எண்ணையும், ஆயிரக்கணக்கான மின்பாதைகளில் பாயும் மின்சாரத்தின் அளவையும் கண்காணிக்க மூன்று அடுக்குகள் உள்ளன. தில்லியில் தேசிய மின்பளு பகிர்ந்தளிப்பு மையம்; தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஐந்து நகரங்களில் மண்டல மையங்கள்; அவற்றின் கீழ் மாநில மையங்கள். ‘பகிர்ந்தளிப்பு’ என்ற சொல் சற்று ஏமாற்றக்கூடியது. ரேஷன் கடைபோல இங்கு எதுவும் நிறுத்துத் தரப்படுவதில்லை. எந்த நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கலாம் என்ற அட்டவணையைத் தயாரித்து, அது மீறப்படும்போது கட்டளையிடும் பணியே இங்கு நடக்கிறது. விமான நிலையங்களின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையோடு ஒப்பிடுவதே பொருத்தம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விமானி கோபுரத்தின் சொல்லை மீறுவது அரிது. 2012-இல் மாநிலங்கள் மண்டல மையத்தின் சொல்லை மீறுவது வழக்கமாகவே இருந்தது.

பார்த்தார்கள், சொன்னார்கள்

அந்த ஜூலையில் வட இந்தியாவில் பருவமழை பிந்தியிருந்தது. வெப்பம் தணியவில்லை, வயல்களில் பம்புசெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வட மாநிலங்கள் தமக்கு ஒதுக்கப்பட்டதைவிட அதிக மின்சாரத்தை எடுத்தன. மேற்கு மண்டலத்தில் மழை பெய்ததால் அங்கு நுகர்வு குறைந்து மின்சாரம் மிஞ்சியது. மிஞ்சிய மின்சாரம் மேற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்தது. அதற்கான முக்கிய வழி, மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியர் வழியாக ஆக்ராவுக்குச் செல்லும் 400 கிலோவோல்ட் மின்பாதை. அதில் ஒரு சுற்று, தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மண்டலங்களை இணைக்கும் வேறு சில பாதைகளும் அப்போது இயக்கத்தில் இல்லை. எனவே எஞ்சிய ஒற்றைச் சுற்றின் மீது பெரும் சுமை விழுந்தது.

அன்று அதிகாலை அதிர்வெண் 49.68 ஹெர்ட்ஸாக இருந்தது. அக்கால வழக்கத்தில் அது யாரையும் திடுக்கிட வைக்கும் எண் அன்று. மறுநாள் சரிவுக்கு முன் அது 49.84, இன்னும் ஆரோக்கியமான எண். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் ஒரு நாளம் வெடிக்கும் நிலையில் இருக்கிறது என்பதைப் போன்ற நிலைமை. மொத்த உற்பத்திக்கும் மொத்த நுகர்வுக்கும் இடையிலான இடைவெளியை அதிர்வெண் காட்டும். ஒரு குறிப்பிட்ட பாதை தாங்க முடியாமல் திணறுவதை அது காட்டாது.

மண்டல மையங்களின் திரைகளில் அந்தத் திணறல் தெரிந்தது. வட மாநிலங்கள் எடுப்பதைக் குறைக்க வேண்டும், மேற்கு மாநிலங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று மாநில மையங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அவற்றின் எதிர்வினை போதுமானதாக இல்லை என்பதை விசாரணைக் குழு, சரிவுக்கான காரணங்களில் ஒன்றாகவே பட்டியலிட்டது. மண்டல மையத்தின் கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். கோடைப் புழுக்கத்தில் மின்வெட்டை அறிவித்து மக்களின் கோபத்துக்கு ஆளாவதா, அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவதா என்ற தராசில் எந்தத் தட்டு தாழ்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினம் அன்று.

அதன் பின் நடந்ததுதான் இந்தக் கதையின் விசித்திரமான பகுதி. மின்பாதைகளின் இரு முனைகளிலும் ‘ரிலே’ எனப்படும் பாதுகாப்புக் கருவிகள் உண்டு. பாதையில் எங்கேனும் மரம் விழுந்தாலோ, கம்பி அறுந்தாலோ அதைக் கணத்தில் உணர்ந்து பாதையைத் துண்டிப்பது அவற்றின் வேலை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, பழுது எவ்வளவு தொலைவில் உள்ளது என்று ரிலே கணிக்கிறது. மின்னழுத்தம் குறைந்து மின்னோட்டம் மிகும்போது, வெகு தொலைவில் பழுது ஏற்பட்டிருப்பதாக அது எண்ணிவிட வாய்ப்பு உண்டு. பீனா–குவாலியர் பாதையில் அன்று எந்தப் பழுதும் இல்லை; அதிக சுமை மட்டுமே இருந்தது. அந்தச் சுமையைப் பழுது எனக் கருதி ரிலே பாதையைத் துண்டித்தது. கருவிக்குக் கிடைத்த அளவீடுகள் சரியானவை. அவற்றுக்கு அது கண்ட பொருள்தான் தவறானது.

முக்கியப் பாதை அடைபட்டதும் மேற்கின் மின்சாரம் கிழக்கு மண்டலத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கை அடைய முயன்றது. அந்த நீண்ட பாதைகள் அதைத் தாங்கவில்லை. அடுத்த சில நொடிகளில் வட மண்டலம் தனியே பிரிந்து, உற்பத்தியின்றிச் சரிந்தது. இத்தகைய நேரத்தில் சில பகுதிகளின் விநியோகத்தைத் தாமாகவே நிறுத்தி எஞ்சிய தொகுப்பைக் காப்பாற்ற, குறை அதிர்வெண் ரிலேக்கள் என்ற கடைசி அரண் உண்டு. காகிதத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட்டுக்கு அந்த ஏற்பாடு இருந்தது. தேவைப்பட்ட அன்று அது போதிய அளவு இயங்கவில்லை. தமது பகுதி இருளக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் அவை முடக்கி வைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் துறையில் அன்று உரக்கவே எழுந்தது.

மறுநாளும் அதே பாதை, அதே சுமை. முந்தைய நாள் பாடம் 36 மணி நேரம்கூட நினைவில் தங்கவில்லை. மூன்று மண்டலங்கள் இருளில் இருந்த அதே ஜூலை 31 அன்று, மின்துறை அமைச்சராக இருந்த சுஷீல்குமார் ஷிண்டே உள்துறை அமைச்சராக உயர்த்தப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

தென்னகம் அன்று தப்பியதற்குக் காரணம், அது வேறொரு தாளத்தில் இயங்கியதே. அப்போது தென் மண்டலம் மற்ற நான்கு மண்டலங்களுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை. நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக மட்டுமே மின்சாரம் வந்துபோனது. வாசலில் ஒரு தடுப்புச் சுவர் இருந்ததைப் போல. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை இயக்கப்பட்டபோது அந்தச் சுவர் அகன்றது. அன்று முதல் தூத்துக்குடி அனல்மின் நிலையமும் பஞ்சாபின் அணைக்கட்டு மின் நிலையமும் ஒரே துடிப்பில் இயங்குகின்றன. தட்டுப்பாடான வேளையில் வடக்கிலிருந்து மின்சாரம் பெறவும், முப்பந்தல் காற்று மிகும்போது வெளியே அனுப்பவும் தமிழ்நாட்டுக்கு இதனால் வழி பிறந்தது. வடக்கின் இடர் தெற்குக்கும் பொதுவானது என்பது அதன் மறுபக்கம்.

நொடிக்கு 25 படங்கள்

2012-க்குப் பின் செய்யப்பட்ட மாற்றங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று முக்கியமானது. கட்டுப்பாட்டு அறைகளுக்கு அதுவரை தகவல் கொண்டுவந்த ‘ஸ்காடா’ அமைப்பு, துணை மின் நிலையங்களிலிருந்து சில நொடிகளுக்கு ஒருமுறை அளவீடுகளைத் திரட்டித் தரும். சாதாரண நாள்களுக்கு அது போதும். ஆனால் தொகுப்பு சரியத் தொடங்கினால் எல்லாம் அந்தச் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். கிரிக்கெட் ஆட்டத்தை ஓவருக்கு ஒரு புகைப்படமாகப் பார்ப்பதற்கு இணையானது அது.

இந்தக் குறையைப் போக்க ‘பேசர் அளவீட்டுக் கருவி’கள் பொருத்தப்பட்டன. செயற்கைக்கோள் கடிகாரத்தின் துணையுடன், நாட்டின் வெவ்வேறு மூலைகளில் ஒரே கணத்தில் மின்னழுத்தம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை இவை நொடிக்கு 25 முறை பதிவு செய்கின்றன. இரு மண்டலங்கள் ஒன்றோடொன்று இழுபறியில் ஈடுபடுவதை இதன் மூலம் தொடக்கத்திலேயே காணலாம். 2012-இல் சோதனை முயற்சியாக மிகச் சில இடங்களில் மட்டுமே இவை இருந்தன. சரிவின் நிகழ்வு வரிசையைப் பின்னர் நொடிக்கு நொடி விளங்கிக்கொள்ள அந்தச் சில கருவிகளின் பதிவுகள் உதவின.

விதிகளும் இறுகின. அனுமதிக்கப்பட்ட அதிர்வெண் வரம்பு படிப்படியாகக் குறுக்கப்பட்டு இப்போது 49.90 முதல் 50.05 வரை என்றாகியுள்ளது. அட்டவணையை மீறி எடுக்கும் மாநிலங்கள் கூடுதல் கட்டணம் செலுத்தும் முறை கடுமையாக்கப்பட்டது. தொகுப்பை இயக்கும் அமைப்பு, மின்பாதைகளின் உரிமையாளரான பவர்கிரிட் நிறுவனத்திலிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்டு 2017-இல் தனி அரசு நிறுவனமானது. ‘பொசோகோ’ என்றிருந்த அதன் பெயர் 2022 நவம்பரில் ‘கிரிட் இந்தியா’ என மாறியது. காற்றாலை, சூரிய மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணிக்கத் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தனி மேலாண்மை மையங்களும் அமைக்கப்பட்டன.

ஒன்பது நிமிடத் தேர்வு

இவையெல்லாம் பயன் தந்தனவா என்பதற்கு 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு விடை கிடைத்தது. கொரோனா ஊரடங்கின்போது, அன்றிரவு 9 மணிக்கு 9 நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு பிரதமர் நரேந்திர மோடி ஏப்ரல் 3 காலையில் கேட்டுக்கொண்டார். தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் நாட்டின் மின்நுகர்வில் வீடுகளின் பங்கு அப்போது வழக்கத்தைவிட அதிகம். எல்லா வீடுகளும் ஒரே கணத்தில் விளக்கை அணைத்தால் அதிர்வெண் எகிறும். ஒன்பது நிமிடம் கழித்து ஒரே கணத்தில் ஏற்றினால் சரியும். மகாராஷ்டிர மின்துறை அமைச்சர் நிதின் ராவத், தொகுப்பு செயலிழக்கும் அபாயம் இருப்பதாகக் கூறி, விளக்குகளை அணைக்க வேண்டாம் என்றே வேண்டுகோள் விடுத்தார்.

தொகுப்பை இயக்குவோருக்கு மூன்று நாளுக்கும் குறைவான அவகாசம் இருந்தது. நுகர்வு 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று அவர்கள் கணித்தனர். அனல்மின் நிலையங்களை அவ்வளவு விரைவாக ஏற்றி இறக்க முடியாது, கொதிகலன் சோம்பேறி. நீர்மின் நிலையத்திலோ மதகின் திறப்பை மாற்றினால் சில நிமிடங்களில் உற்பத்தி மாறும். எனவே மாலை வேளையில் நீர்மின் உற்பத்தியைச் சேமித்து வைத்து, 9 மணிக்குச் சற்று முன் அதை உச்சத்துக்குக் கொண்டுசென்று, விளக்குகள் அணையும் வேகத்தில் அதை இறக்குவது என்று திட்டமிடப்பட்டது. மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தெருவிளக்கு ஆகியவற்றை அணைக்க வேண்டாம் என்று மின்துறை அமைச்சகம் விளக்கம் வெளியிட்டது. ஒவ்வொரு மாநில மையத்துக்கும் நிமிட வாரியாக அறிவுறுத்தல் சென்றது.

கணிப்பு தவறியது. அதுவும் சிறிதளவு அன்று. இரவு 8.45 மணியிலிருந்தே மக்கள் விளக்குகளை அணைக்கத் தொடங்கினர். 9.10 மணிக்குள் நுகர்வு 31,000 மெகாவாட்டுக்கும் மேல் குறைந்தது. எதிர்பார்த்ததைப்போல இரு மடங்குக்கும் அதிகம். இருந்தும் தொகுப்பு நின்றது. ஏறத்தாழ 17,500 மெகாவாட் குறைப்பை நீர்மின் நிலையங்கள் ஏற்றன. மீதியில் பெரும்பகுதியை அனல், எரிவாயு, காற்றாலை மின் நிலையங்கள் பகிர்ந்துகொண்டன. அந்த இடைவேளையில் அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே நின்றது.

2012-ஐயும் 2020-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. முதல் நிகழ்வில் கண்காணிப்பு மையங்களின் கணிப்பு சரி. ஆபத்து வருவதாகச் சொன்னது வந்தது. ஆனால் சொல் செயலாகவில்லை. இரண்டாவது நிகழ்வில் கணிப்பு பெருமளவு தவறியது. ஆனால் யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. சொன்னவுடன் செய்ய ஆள்கள் இருந்தனர். கருவிகளின் எண்ணிக்கையைவிட இந்த வேறுபாடே பெரிது என்று தோன்றுகிறது. இயற்கைப் பேரிடர்களுக்கான எச்சரிக்கை அமைப்புகளை மதிப்பிடும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவாக இருக்கலாம்.

காவல் கேமராவே வாசலானபோது

தகவல் அமைப்பு விரிவடைய விரிவடைய வேறொரு சிக்கல் வளர்ந்தது. துணை மின் நிலையத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு அளவீட்டைக் கொண்டுவரும் கம்பி, எதிர்த்திசையில் கட்டளையையும் கொண்டுசெல்லக்கூடியது. அந்தக் கட்டளை யாருடையது?

2020 அக்டோபர் 12 அன்று காலை மும்பையில் மின்சாரம் நின்றது. புறநகர் ரயில்கள் பாதி வழியில் நின்றன. வெளித் தொகுப்பு சரிந்தாலும் நகரைத் தனித்தீவாகப் பிரித்துக் காக்கும் ஏற்பாடு மும்பைக்கு நெடுங்காலமாக உண்டு. அன்று அது கைகொடுக்கவில்லை. நான்கரை மாதங்களுக்குப் பின், 2021 மார்ச் 1 அன்று, இதில் இணையவழிச் சதி இருந்திருக்கலாம் என்று காவல்துறை இணையப் பிரிவின் அறிக்கையைச் சுட்டி மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக் தெரிவித்தார். மனிதத் தவறே காரணம், இணையத் தாக்குதல் அன்று என்று மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங் மறுத்தார். மாநிலமும் மத்திய அரசும் ஒரே நிகழ்வுக்கு இரு விளக்கங்கள் தந்த நிலையில் நுகர்வோர் எதை நம்புவது என்ற கேள்வி எஞ்சியது.

அந்த விவாதத்தைக் கிளப்பியது, அமெரிக்காவைச் சேர்ந்த ‘ரெக்கார்டட் ஃபியூச்சர்’ நிறுவனம் அதே வாரம் வெளியிட்ட ஆய்வு. சீனாவுடன் தொடர்புடையதாகக் கருதப்படும் ‘ரெட் எக்கோ’ என்ற குழு, இந்தியாவின் ஐந்து மண்டல மையங்களில் நான்கு உள்ளிட்ட மின்துறை அமைப்புகளையும், இரு துறைமுகங்களையும் குறிவைத்ததாக அது கூறியது. அத்துறைமுகங்களில் ஒன்று மும்பை. மற்றது தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகம். ‘ஷேடோபேட்’ எனும் தீநிரல் குறித்துக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2020 நவம்பர் 19 அன்றும், ‘ரெட் எக்கோ’ குறித்துத் தேசிய முக்கியத் தகவல் கட்டமைப்புப் பாதுகாப்பு மையம் 2021 பிப்ரவரி 12 அன்றும் தங்களை எச்சரித்ததாகவும், சந்தேகத்துக்குரிய இணைய முகவரிகள் முடக்கப்பட்டதாகவும், தொகுப்பின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றும் மின்துறை அமைச்சகம் விளக்கமளித்தது. சீனா குற்றச்சாட்டை மறுத்தது.

2022 ஏப்ரலில் அதே நிறுவனம் வெளியிட்ட மற்றோர் அறிக்கை மேலும் கவனத்துக்குரியது. லடாக் எல்லையை ஒட்டிய வட இந்தியப் பகுதிகளின் மின்சாரத்தைக் கையாளும் குறைந்தது ஏழு மாநிலப் பளு மையங்கள் குறிவைக்கப்பட்டதாக அது கூறியது. இதற்குப் பயன்பட்ட இடைத்தங்கல்கள், இணையத்தில் இணைக்கப்பட்டிருந்த கண்காணிப்பு கேமராக்களும் அவற்றின் பதிவுக் கருவிகளும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத மலிவான கேமரா ஒன்று வேறெவருக்கோ படிக்கட்டாகிறது. இரு முயற்சிகள் நடந்தது உண்மை. அவை வெற்றி பெறவில்லை என்று அமைச்சர் ஆர்.கே. சிங் அப்போது உறுதிப்படுத்தினார்.

இதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஓர் எச்சரிக்கை மணி ஒலித்திருந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இணையத் தாக்குதல் நடந்ததாக 2019 அக்டோபர் இறுதியில் தகவல் பரவியபோது, நிலையத் தரப்பு அதை முதலில் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் கண்டறியப்பட்டதை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் தெரிவித்துவிட்டதாகவும், நிர்வாகப் பணிக்கான இணைய வலையில் இருந்த ஒரு கணினியே பாதிக்கப்பட்டதாகவும், அணு உலை இயக்க வலை தனியே பிரிக்கப்பட்டிருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. விளக்கம் தொழில்நுட்ப ரீதியில் ஏற்கத்தக்கதே. ஆனால் ஒரு நாள் இடைவெளியில் வந்த மறுப்பும் ஒப்புதலும், நெருக்கடியில் பொதுமக்களுக்குத் தகவல் சொல்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை நினைவூட்டின.

சட்டம் என்ன சொல்கிறது?

எந்தக் கணினி அமைப்பு முடங்கினால் தேசப் பாதுகாப்போ பொருளாதாரமோ பொதுச் சுகாதாரமோ நிலைகுலையுமோ, அதுவே முக்கியத் தகவல் கட்டமைப்பு என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு வரையறுக்கிறது. அதைப் ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என அரசு அறிவித்தபின் அத்துமீறி நுழைந்தால் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இவற்றைக் காக்க 70-அ பிரிவின் கீழ் 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்டதே மேலே சொன்ன தேசிய மையம்.

இணையப் பாதுகாப்புச் சம்பவம் எதையும் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. மின்துறைக்கென மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மின் நிலையங்களையும் பாதைகளையும் இயக்கும் வலை, இணையத்திலிருந்து பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்புத் தலைமை அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். நம்பகமான விற்பனையாளரிடமே கருவிகள் வாங்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

கை என்னும் கடைசி வழி

இவ்வளவுக்குப் பிறகும் தாக்குதல் வெற்றி பெற்றால்? உக்ரைனின் அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது. 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள் ஊடுருவிய தாக்குதலாளர்கள், துணை மின் நிலையங்களின் இணைப்புகளைத் தொலைவிலிருந்தே துண்டித்தனர். புகார் தெரிவிக்கும் தொலைபேசி எண்களுக்குப் போலி அழைப்புகளைக் குவித்து, என்ன நடக்கிறது என்ற தகவல் நிறுவனத்துக்கே வராமல் தடுத்தனர். ஏறத்தாழ 2.25 லட்சம் நுகர்வோர் மின்சாரத்தை இழந்தனர். சில மணி நேரங்களில் விநியோகம் மீண்டது. கணினிகள் சரியானதால் அன்று. ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின் நிலையமாகச் சென்று இணைப்புகளைக் கையால் இயக்கியதால்.

இந்தியாவில் இந்த வழி எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பது யோசிக்கத்தக்கது. ஹரியாணாவின் மானேசரில் பவர்கிரிட் அமைத்துள்ள தேசிய மையத்திலிருந்து நாடெங்கும் உள்ள அதன் துணை மின் நிலையங்கள் தொலைவிலிருந்தே இயக்கப்படுகின்றன. செலவும் ஆள்தேவையும் குறைகின்றன. பழுது விரைவில் தெரிகிறது. எனினும் நிலையத்தில் இருந்து பழகிய கைகளும் குறைகின்றன. எந்தச் சுவிட்சை எந்த வரிசையில் இயக்க வேண்டும் என்பதை அறிந்த ஊழியரும் முக்கியக் கட்டமைப்பின் ஓர் உறுப்பே. எந்த வழிகாட்டுதலிலும் இது போதிய அழுத்தம் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முழு இருளிலிருந்து தொகுப்பை மீட்பதற்கும் தனி நடைமுறை உண்டு. அனல்மின் நிலையத்தைத் தொடங்கவே வெளியிலிருந்து மின்சாரம் தேவை. ஆகவே டீசல் ஜெனரேட்டரின் துணையுடன் தாமாகத் தொடங்கக்கூடிய நீர்மின், எரிவாயு நிலையங்கள் முதலில் இயக்கப்பட்டு, சிறு சிறு தீவுகளாக மின்சாரம் உருவாக்கப்பட்டு, அவை ஒவ்வொன்றாக இணைக்கப்படும். இதற்கான ஒத்திகைகளை நடத்துமாறு மின்தொகுப்பு விதிமுறை பணிக்கிறது. தில்லியின் தேசிய மையம் செயலிழந்தால் பொறுப்பேற்க மாற்று மையம் கொல்கத்தாவில் உள்ளது.

நாட்டின் அதிர்வெண் இந்த நொடியில் எவ்வளவு என்பதைக் கிரிட் இந்தியாவின் இணையதளத்தில் எவரும் காணலாம். மாலை ஆறு மணிக்குமேல், சூரிய மின்சாரம் மறைந்து வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில், அந்த எண் 50-க்கு மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் எங்கோ ஒரு நிலையத்தில் உற்பத்தி ஏறவோ இறங்கவோ செய்கிறது.